முள் இறங்கும் சத்தம்

அஞ்சில் நிற்கிறது. எட்டில் நிற்க வேண்டிய முள் அஞ்சில் நிற்கிறது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் அஞ்சு, அந்தப் பக்கம் சாய்த்தால் அதற்கும் கொஞ்சம் கீழே. பிரேக்குக்குப் போகிற ஏரைக் காட்டுகிற கேஜ் கண்ணாடியில் காலையில் வைத்த விபூதி விரல் கறையாக இருக்கிறது, துடைத்துவிட்டுப் பார்த்தாலும் முள் அங்கேயேதான், கல்யாண வீட்டில் மரியாதை பத்தவில்லை என்று மூலையில் உட்கார்ந்துவிட்ட மாமன் மாதிரி. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், எஞ்சின் உறுமுகிறது, முள் ஒரு நூல் எழுந்து திரும்பவும் உட்கார்ந்துகொள்கிறது. திம்பத்தில் முதல் வளைவுக்கு முன்னால் ரோடு அகலமாகிற இடத்தில் ஓரங்கட்டியிருக்கிறேன். பின்னால் குண்டல்பேட்டையில் ஏற்றிய மக்காச்சோளம், நாமக்கல் கோழித்தீவன மில்லுக்குப் போக வேண்டியது. முன்னால் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, எல்லாம் முடிந்தால் பண்ணாரி. மலை இறக்குவதற்கு முன்னால் இங்கே நிறுத்தி, பிரேக்கை ரெண்டு மிதி மிதித்து, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன். எலுமிச்சம்பழம் நசுக்குகிறவன் நசுக்கட்டும், கற்பூரம் கொளுத்துகிறவன் கொளுத்தட்டும், நான் கும்பிடுகிற சாமி இந்த முள். இன்றைக்கு சாமி கண்ணைத் திறக்கவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, ஏர் இறங்கினால் கத்துவதற்கென்றே டேஷ்போர்டுக்குள் ஒரு பஸ்ஸர் வைத்திருக்கிறான் வண்டி செய்தவன். சாவி போட்டிருக்கிறது, முள் சிவப்பில் கிடக்கிறது, பஸ்ஸர் கத்தவில்லை. பக்கத்திலிருக்கிற சிவப்பு விளக்கு பியூஸ் போய் ரொம்ப நாள் ஆயிற்று, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸர் நன்றாக இருந்தது. இது கிட்டுசாமி வேலை. தூக்கம் கெடுகிறது என்று வயரைப் பிடுங்கியிருப்பான். நிறையப் பேர் பிடுங்குகிறார்கள், தெரியும். என் வண்டியில் பிடுங்கலாமா. வரட்டும், கேட்கிறேன்.

கிட்டுசாமி என் பெண்சாதி ருக்குமணிக்குத் தம்பி. மாற்று டிரைவராக என்னோடு வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. சமதரையெல்லாம் அவன் ஓட்டுவான், மலை என்னுடையது. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, அப்படியே ஆகிவிட்டது. நான் ஓரங்கட்டியதும் பின்படுக்கையிலிருந்து எழுந்து, கண்ணைக்கூடத் துடைக்காமல் முள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "மெதுவா எறக்கீறலாமுங் மாமா. ரெண்டாவது கியர்ல உட்டா அதுபாட்டுக்குப் போவுது" என்றான். அவனுக்கு அவசரம். பொழுது சாய்ந்துவிட்டால் செக்போஸ்ட்டில் எங்கள் மாதிரி வண்டியை விட மாட்டார்கள், விடியும்வரை மேலேயே யானைக்குக் காவல் கிடக்க வேண்டும். அவன் அவசரத்துக்கு மலை வளைந்து கொடுக்குமா. "போயி சோப்புப் பவுடரும் ஒரு பாட்டல் தண்ணியும் வாங்கிட்டு வா" என்றேன். ஏர் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் நுரை கட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் இறங்கிப் பெட்டிக்கடையைப் பார்த்து நடந்துவிட்டான். முணுமுணுத்துக்கொண்டே போனான். இந்தக் காலத்தில் எல்லோருமே முணுமுணுக்கிறார்கள். அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பது செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஏர் சுத்தமாக இல்லாவிட்டால் பயமே இல்லையடா மாப்பிள்ளை, பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி நகராது. எட்டு இருந்தாலும் பயமில்லை. பயமெல்லாம் அஞ்சுதான். அஞ்சில் வண்டியும் நகரும், பிரேக்கும் பிடிக்கும். பிடிக்கிறதே என்று நம்பி இறக்குவாய். வளைவுக்கு ஒரு மிதி, மிதிக்குக் கொஞ்சம் ஏர் செலவு. ஏறுகிற ஏர் செலவுக்குப் பத்தாமல் போய், பாதி மலையில் மிதிக்கட்டை பஞ்சாகிவிடும். நான் பார்த்திருக்கிறேன். வெங்காய லோடு, இதே மலையில், சரிவெல்லாம் வெங்காயம். ஜனங்கள் கூடை கொண்டுவந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் டிரைவரைத் தூக்கி மேலே கொண்டுவந்தோம். நினைவு பாதிதான் இருந்தது அவனுக்கு, ஆனால் வலது கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. ரோட்டோரம் படுக்க வைத்த பிறகும் மிதித்தது. அந்தக் காலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை எதற்கு நினைக்க வேண்டும். வேலையைப் பார்.

வேலை என்றால் ஒழுங்கு வேண்டும். ஏர் ஏறவில்லை என்றால் ரெண்டில் ஒன்று, ஊற்று சரியில்லை, இல்லாவிட்டால் குடம் ஓட்டை. ஊற்று கம்ப்ரசர், குடம் டேங்க்கும் அதிலிருந்து போகிற பைப்புகளும். எது என்று எப்படித் தெரியும்? எஞ்சினை நிறுத்தி முள்ளைப் பார்த்தால் தெரியும். நிறுத்துகிறேன். முன்சக்கரம் ரெண்டுக்கும் கல் வைத்தாயிற்று, அதை இறங்கியதும் முதல் வேலையாகச் செய்துவிட்டேன். எஞ்சின் நின்றதும் மலையே நின்றுவிட்டது போல அமைதி. முள்ளைப் பார்க்கிறேன். பிரேக்கில் கால் வைக்கவில்லை. கால் வைத்தால் மட்டும் இறங்கினால் சக்கரத்துப் பக்கம் கோளாறு, கால் வைக்காமலே இறங்கினால் நடுவில் எங்கேயோ. இறங்குகிறது. கால் வைக்காமலே இறங்குகிறது, அரைத் தூக்கத்தில் இருக்கிறவன் தலை சரிகிற மாதிரி மெதுவாக, ஆனால் நிற்காமல். நல்லது. குடம் ஓட்டை. தெரிந்த சனியன் தெரியாத சனியனைவிட மேல். சாவியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி, முதலில் டேங்க்கின் அடியில் குனிந்து வடிகுழாயை இழுத்துப் பார்க்கிறேன், புஸ்ஸென்று கையில் அடிக்கிறது, கொஞ்சம் தண்ணீர், விரலில் தேய்த்து முகர்ந்தால் எண்ணெய் வாசம் பேருக்குத்தான். எண்ணெய் நிறைய வந்தால் கம்ப்ரசர் கிழவன் ஆகிவிட்டான் என்று அர்த்தம். இவன் இன்னும் கிழவன் இல்லை. வடிகுழாய் திரும்ப நன்றாக மூடிக்கொள்கிறது. சரி, அடுத்தது. சட்டையைக் கழற்றி கேபினில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் நுழைகிறேன். மண் சில்லென்று முதுகில் ஒட்டுகிறது. தார்ப்பாயின் இடுக்கில் கசிந்த சோளத் தூள் வாசமும், பிரேக் லைனிங் கருகின வாசமும், சேஸில் ஒட்டின பழைய கிரீஸ் வாசமும் கலந்து என் வீட்டுச் சாமியறை வாசத்தைவிட எனக்குப் பழக்கமானதாக இருக்கிறது. ருக்குமணியிடம் சொன்னால் அடிக்க வருவாள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, காதைத் தீட்டுவது. ஏர் ஓட்டை என்றால் சத்தம் வரும். ஓட்டை சின்னதாக இருந்தால் சன்னமாக ஸ்ஸ்ஸ் என்று, பெரிதாக இருந்தால் பாம்பு சீறுகிற மாதிரி. எனக்குப் பாம்புக் காது. சங்ககிரி ஷெட்டில் மெக்கானிக்குகளே என்னைக் கூப்பிடுவார்கள், சென்னியப்பண்ணா சித்தெ வந்து காது குடுங்க என்று. நானும் போய், எஞ்சினை நிறுத்தச் சொல்லி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, இங்கே என்று விரலை வைப்பேன். அங்கேதான் இருக்கும். அந்தக் காதைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முன் இடது சக்கரத்து பிரேக் சேம்பர், ஒன்றும் இல்லை. வலது, ஒன்றும் இல்லை. டேங்க்கிலிருந்து பின்னால் போகிற பைப் நெடுகக் காதை வைத்துக்கொண்டே ஊர்கிறேன், கன்னத்தில் கிரீஸ் அப்புகிறது, ஒன்றும் இல்லை. பின் சேம்பர்கள், ஜாயின்ட்டுகள், மிதிக்கட்டைக்கு அடியில் இருக்கிற வால்வு, எல்லாம் அமைதி. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறேன். என் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்கிறது. கீழே எங்கேயோ ஒரு வண்டி ஏறுகிற கனமான சத்தம் கேட்கிறது. இவ்வளவு அமைதியை இந்த மலையில் நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் இங்கே நிறுத்தினால் சில்வண்டுச் சத்தம் மண்டைக்குள் துளைபோடும், பக்கத்தில் இருப்பவனோடு கத்தித்தான் பேச வேண்டும். இப்போது ஒரு வண்டைக் காணோம். எதைத்தான் விட்டுவைத்தார்கள், காட்டையும் நஞ்சாக்கிவிட்டார்கள். பூச்சியெல்லாம் செத்துப்போயிருக்கும். அன்றைக்கு ருக்குமணி, "நாலு விசில் வந்தா அடுப்ப அமத்துங்க, நான் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்தர்றேன்" என்று என்னைக் குக்கருக்குக் காவல் வைத்துவிட்டுப் போனாள். நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குக்கர் ஒரு விசில்கூட அடிக்கவில்லை. அவள் வந்தபோது பருப்பு கரியாகிவிட்டிருந்தது. வெயிட்டில் அடைப்பு என்று சொல்லி மறுநாளே சந்தையில் புது வெயிட் வாங்கிவந்து போட்டேன். பழைய வெயிட்டைக் கையில் உருட்டிக்கொண்டே அவள், "காத ஒருக்கா காட்டீட்டு வந்தர்லாமுங்களா" என்று கேட்டாள். அவள் எப்போதும் வாய்க்குள்ளேயேதான் பேசுவாள், அதை மட்டும் தெளிவாகச் சொன்னாள். எதற்கு இப்போது அந்தப் பேச்சு. ஓட்டையைத் தேடு.

வண்டிக்கடியிலிருந்து வெளியே வரும்போது மலை ஏறி வந்த லாரி ஒன்று பக்கத்தில் வேகம் குறைகிறது. டிரைவர், மீசைக்காரன், தெரியாத முகம், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு என்னவோ சொல்கிறான். "ஆமாங்க, ஏர் ஏறல" என்கிறேன். அவன் திரும்பவும் என்னவோ சொல்லி என் கேபின் பக்கம் கையைக் காட்டுகிறான். தார்ப்பாய் அவிழ்ந்திருக்கிறது என்கிறான் போல. நிமிர்ந்து பார்த்தால் தார்ப்பாய் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறது. "செரீங்க, பாத்துக்கறேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் கேபினை அண்ணாந்து பார்க்கிறேன். உச்சியில் என் ஏர் ஹாரன், ஆறு குழல், ஆயுத பூஜைக்குப் பூசின சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்ககிரியில் ஒருத்தனிடம் போட்டது. பிரேக் டேங்க்கிலிருந்தே ஒரு பைப்பைப் பிரித்து எடுத்தான். தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள், இது பிரேக்குக்குப் போகிற காற்று என்று அவனே ஒரு வார்த்தை சொன்னான், ஊரே இப்படித்தான் போட்டிருக்கிறது, எனக்கு மட்டும் என்ன தனி என்றேன். முன்னால் இருந்த ஹாரனை வழியில் மடக்கிய அதிகாரிகள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இந்த வகை வைக்கக் கூடாதாம். அதனால் இந்தத் தடவை சுவிட்சு வால்வை வெளியே வைக்காமல் கேபினுக்குள்ளேயே, கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒளித்து வைக்கச் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வளைவில் அதை அமுக்கினால் மலை திருப்பிப் பாடும். கீழே வருகிற பஸ்காரன் பாட்டைக் கேட்டு நிறுத்திக்கொண்டு எனக்கு வழி விடுவான். சின்னக் குழந்தைகள் கையைக் காட்டும். எனக்கே, அமுக்கினால் கொஞ்ச நேரம் காதுக்குள் ரீங்காரம் நிற்கும், ஒரு சுகம்தான் அது, பாட்டு முடிந்த பிறகும் பாட்டு இருக்கிற மாதிரி. இந்த ஓட்டை எங்கே இருக்கிறது?

சத்தமில்லாமல் ஏர் போகிறது என்றால், அது உள்ளே போகிறது. வேறு வழியே இல்லை. டேங்க்கிலிருந்து திரும்பக் கம்ப்ரசருக்கே போகிறது. ஒருவழிக் கதவு ஒன்று இருக்கும் நடுவில், காற்றைப் போக விடும், திரும்ப விடாது. அதில் தூசு பட்டு இறுகாமல் நின்றால் காற்று சத்தமில்லாமல் எஞ்சினுக்குள் நழுவிவிடும். அதுதான். வெளியே இருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். கேட்கவில்லை, ஆகவே வெளியே இல்லை. கணக்கு சரியாக இருக்கிறது. கணக்கு சரியாக இருக்கும்போது மனசு ஏன் நிம்மதியாக இல்லை என்று தெரியவில்லை. அப்படியானால் மலைக்குக் கீழே சத்தியிலிருந்து மெக்கானிக் வர வேண்டும், அவன் பஸ் பிடித்து மேலே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், செக்போஸ்ட் கேட் விழுந்துவிடும். விழட்டும். இறக்கிவிட்டு என் வலது கால் ரோட்டோரத்தில் மிதித்துக்கொண்டு கிடப்பதைவிட யானை வந்து சோளத்தைத் தின்றுவிட்டுப் போவது மேல். கேபினில் ஏறி உட்காருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன், வெறுங்காலில் மிதித்தால்தான் பிரேக் என்ன சொல்கிறது என்று தெரியும். வலது கணுக்காலில் சிலுசிலுவென்று காற்று படுகிறது. ஹாசனூர் தாண்டினதிலிருந்தே பட்டுக்கொண்டிருக்கிறது, திம்பத்துக் குளிர், கதவு இடுக்கு வழியாக வருகிறது, எஞ்சின் சூட்டுக்கு அது இதமாகத்தான் இருக்கிறது. முள் நாலுக்கு இறங்கிவிட்டது. சாவி போட்டே இருக்கிறது. பஸ்ஸர் ஊமையாக இருக்கிறது. என்ன திமிர் இருந்தால் வயரைப் பிடுங்குவான். இன்றைக்கு நான் பழக்கத்தில் முள்ளைப் பார்த்தேன். பார்க்காமல் இறக்கியிருந்தால்? சமதரையில் அவன் இதே வண்டியை எத்தனை தடவை முள்ளைப் பார்க்காமல் ஓட்டியிருப்பான். மாமா தூங்குகிறார் என்று சத்தத்தை நிறுத்தினேன் என்பான், நல்லவன் மாதிரி. சத்தம் இல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் நன்றாக வரும், அக்காளுக்குத் தாலி இருக்காது, அதை யோசித்தாயா என்று கேட்க வேண்டும். இல்லை, அப்படிக் கேட்கக் கூடாது, அக்காள் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவான், இளகின மனசு. மாப்ள, வண்டியில எதை வேண்டுமானாலும் கழட்டு, இதைக் கழட்டாதே என்று தன்மையாகச் சொல்ல வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இன்னொருத்தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல வேண்டும். நல்ல வார்த்தை. இதையே சொல்லலாம்.

கிட்டுசாமி வருகிறான். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் பாக்கெட் எதையோ ஆட்டிக்கொண்டு, "சோப்புப் பவுடர் இல்லீங் மாமா, ஷாம்பூதான் இருந்துச்சு. மல்லிகைப்பூ வாசமுங்க" என்கிறான். நெருங்கி வந்தபிறகுதான் எனக்கு வார்த்தை விளங்குகிறது. இடது கதவைத் திறந்து ஏறினவன் அப்படியே நின்று தலையைச் சாய்க்கிறான். நான் தன்மையாகச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "பஸ்ஸர் வயரை எதுக்குடா புடுங்குன?" என்று கேட்டுவிட்டேன். "எந்த வயருங்க?" "பஸ்ஸர் வயரு. முள்ளு நாலுல கெடக்குது, கத்துதா பாரு." அவன் என் முகத்தைப் பார்த்தான், டேஷ்போர்டைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "வெளையாடறீங்களாட்ட இருக்குது. கடை வரைக்கும் கேக்குதுங்க அது கத்தறது. மொதல்ல சாவிய அமத்துங்க, காது வலிக்குது." நானும் சிரித்தேன். முகம் தானாகச் சிரித்தது. கை மெதுவாகப் போய் டேஷ்போர்டின் மேல் உட்கார்ந்தது, தூசு தட்டுகிற மாதிரி. பிளாஸ்டிக் உள்ளங்கைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. நிற்காத, சின்ன, ஒரே சீரான நடுக்கம், பயந்த கோழிக்குஞ்சைப் பிடித்தால் கைக்குள் இருக்குமே அந்த மாதிரி. சாவியைத் திருப்பினேன். நடுக்கம் நின்றது. திரும்பப் போட்டேன். நடுங்கியது. எனக்கு ஒன்றும் மாறவில்லை, முன்னும் அமைதி, பின்னும் அமைதி. "எப்பப் புடிச்சு கத்துது?" என்றேன். "நான் எந்திரிச்சப்பவே கத்தீட்டுத்தானுங்க இருந்துது. அது கத்துனதாலதான நீங்க ஓரங்கட்டுனீங்க?" என்றான். நான் ஓரங்கட்டியது பழக்கத்தில். ஹாசனூரிலிருந்து கத்தியிருக்கும். எதிரே வந்த டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பயமாக இருந்தது. முள் அஞ்சில் நின்றபோது வந்தது பயமே இல்லை, அது வேலை. இதுதான் பயம்.

அவன் அதற்குள் சாவியை அமர்த்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். "இங்கயேதான சீறுது மாமா, நாகப்பாம்பாட்ட. சித்தெ காலத் தூக்குங்க." என் வலது காலைத் தூக்கிப் பிடிக்கிறேன். அவன் மிதியடியை உருவிப் போட்டுவிட்டு, சீட்டுக்கடியில் இருந்த சாக்கையும் உருவுகிறான். நான் ஒளித்துவைக்கச் சொன்ன இடம். ஹாரன் வால்வு, அதன் கழுத்தில் சொருகியிருக்கிற நைலான் பைப் சீட்டுக் கம்பியில் உரசி உரசிப் பிளந்திருக்கிறது. ஷாம்பூ வேண்டியிருக்கவில்லை. அவன் விரலை வைத்ததும் என் கணுக்காலில் திம்பத்துக் குளிர் நின்றுவிட்டது. விரலை எடுத்தான், திரும்பவும் குளிர்ந்தது. காதைக் கொண்டுபோய்ச் சேஸ் முழுக்க ஊர்ந்தேன், எல்லாம் என் காலடியில் இருந்திருக்கிறது. மீசைக்காரன் காட்டியது தார்ப்பாயை இல்லை. கேபினுக்குள் கத்துகிற பஸ்ஸரைத்தான் சொல்லியிருப்பான். நான் இறங்கிக் கதவருகில் நின்றுகொண்டேன். கிட்டுசாமி பைப்பை மடித்து, சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே கம்பியால் ரெண்டு முறுக்கு முறுக்கினான். "ஹாரன் போச்சுங்க. நாமக்கல் போயி வேற பைப்பு போட்டுக்கலாம்." வேண்டாம் என்றேன். "என்னங்க?" "வேண்டாம், அந்த ஹாரனே வேண்டாம்." எஞ்சினைப் போட்டான். ஆறு, ஆறரை, ஏழு. முள் வரப்பில் நடக்கிறவன் மாதிரி அவசரப்படாமல் ஏறியது. எட்டில் போய் நின்றது. எஞ்சினை நிறுத்தினான். எட்டிலேயே நின்றது. பிரேக்கை ரெண்டு மிதி மிதித்தான், மிதிக்குக் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றது. வண்டி சரியாகிவிட்டது. வெயில் இன்னும் இருந்தது, கேட்டுக்கு நேரம் இருந்தது.

கல்லை எடுத்துப் போட்டுவிட்டு அவன் வழக்கம் போல இடது பக்கம் ஏறி உட்கார்ந்து துண்டால் கையைத் துடைக்கிறான். வலது பக்கம் காலியாக இருக்கிறது. மலை என்னுடையது. நான் ரோட்டில் நிற்கிறேன். ஏறி உட்கார்ந்தால் முடிந்தது, அவன் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஊருக்குப் போய்ச் சத்தமில்லாமல் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் எனக்குக் கேட்கிறது. மேலே வருகிற வண்டியின் உறுமல் கேட்கிறது. மிதி என்ன சொல்கிறது என்று காலுக்குத் தெரியும், வளைவெல்லாம் கைக்குத் தெரியும். கேட்காதது ஸ்ஸ்ஸ் மட்டும்தான், அந்தச் சன்னமானது மட்டும்தான். சின்ன ஹாரன் வைத்துக்கொண்டு கீழேயிருந்து ஒருத்தன் வந்தால். இருபத்தேழு வளைவு. பத்தாவதில் பைப் திரும்ப அவிழ்ந்து பஸ்ஸர் கத்தினால். முள்ளைப் பார்த்துக்கொண்டே வளைக்க முடியுமா. அந்தக் கால் என் கைக்குள் மிதித்துக்கொண்டே இருக்கிறது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் எட்டிப் பார்த்து, "வாங்க மாமா, நேரமாவுது" என்கிறான். "மாப்ள, சில்வண்டு கத்துதா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. "காதப் பொளக்குதுங்களே. இந்த ஓயாத கத்தலுக்குத்தான் நானு ஜன்னல மூடறது" என்றான். காட்டைப் பார்த்தேன். மரம் முழுக்க வண்டு இருக்கிறது. ஒன்றும் சாகவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, என்ன மனுஷன் நான். "இந்தக் கட்டால வா. நீ எறக்கு" என்றேன். "மலையவா? ஏனுங் மாமா?" "எனக்குக் கேக்குல மாப்ள. பஸ்ஸரு கேக்குல, சீறுனது கேக்குல, வண்டும் கேக்குல. அக்கா சொன்னா, நாந்தான் வெயிட்ட மாத்துனேன்." கடைசிச் சொல் அவனுக்குப் புரிந்திருக்காது. அவன் சிரிக்கவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டு, கியர் கம்பியைத் தாண்டி என் சீட்டுக்கு நகர்ந்தான். செருப்பைக் கழற்றினான். நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினேன். அந்தப் பக்கத்துப் படி இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

"ரோட்டப் பாரு. முள்ள நான் பாத்துக்கறேன்" என்றேன். இரண்டாவது கியரில் வண்டி மெதுவாக மூக்கைக் கீழே சாய்க்கிறது. எட்டு. முதல் வளைவு வருகிறது, அவன் கைகள் ஸ்டியரிங்கை நான் பிடிக்கிற மாதிரியே பிடித்திருக்கின்றன, இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். மிதிக்கிறான், முள் கொஞ்சம் இறங்கி உடனே ஏறுகிறது. எட்டு என்று சொல்கிறேன். தலையை ஆட்டுகிறான். பிறகு என் பக்கம் திரும்பாமல், வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல், "கீழ பஸ்ஸு வருதுங் மாமா, ஹாரன் அடிக்கறான்" என்கிறான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.